ஸ்லீவா, ஸ்பிரிங்கா

எங்கள் பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் பெரிய சண்டை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். நகைக்காக இல்லை, மாமியாருக்காக இல்லை. கார் ஸ்பிரிங்குக்காக. இதை ஒரு தடவை ஸ்டாஃப் ரூமில் வாய்தவறிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் கிண்டலை வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு ஆம்பளைகள் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

என் கணவருக்குக் கத்தாரில் வேலை. ஒரு கம்பெனியில் பெரிய பெரிய கம்ப்ரஸர்களைப் பழுது பார்ப்பார். வருடத்துக்கு நாற்பது நாள் லீவு. டிசம்பர் நடுவில் வந்து, கிறிஸ்துமஸ், புதுவருஷ ஆராதனை, பக்கத்து வீட்டுப் பொங்கல் எல்லாம் முடித்து, ஜனவரி கடைசியில் போய்விடுவார். மிச்சம் முந்நூற்று இருபத்தைந்து நாளும் ராஜகீழ்ப்பாக்கத்தில் நானும் மகளும் அந்தக் காரும். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கழித்தல் கணக்கெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும்.

கார் ஒன்றும் பெரிய கார் இல்லை. வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக். என் பெயரில் வாங்கியது. அவருக்கு அதன்மேல் ஒரே ஒரு குறை, அது உயரமாக நிற்கிறது என்பது. "பாரு, ஒட்டகம் மாதிரி நிக்குது. வண்டின்னா தரையோட ஒட்டி நிக்கணும்மா" என்பார். டயருக்கும் அதன் மேலே இருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அவர் கண்ணை உறுத்தும். கத்தாரிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டு, "கொஞ்சம் கீழ போய் அந்த வீல்கிட்ட கையை வெச்சுக் காட்டேன்" என்பார். நானும் நைட்டியோடு பார்க்கிங்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த இடைவெளியில் விரல்களை நுழைத்துக் காட்டுவேன். நான்கு விரல் தாராளமாகப் போகும். "ரெண்டு விரல் போதும், ரெண்டே விரல்" என்று அங்கிருந்து ஏங்குவார். அடேயப்பா, என் இடுப்பை ஒரு நாள் இப்படி அக்கறையாகப் பார்த்திருப்பாரா இந்த மனிதர்!

அப்போதுதான் சண்டை வந்தது. அவருக்கு வேண்டியது லோயரிங் ஸ்பிரிங். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதைவிடக் குட்டையான ஒன்றை மாட்டிவிடுவது. வண்டி ஒன்றரை அங்குலம் இறங்கும். இறங்கினால் இறங்கினதுதான், அப்புறம் ஏறாது.

எனக்கு வந்ததே கோபம். எனக்குக் கோபம் உடனே வரும், அது ஊருக்கே தெரியும். "நீங்க நாற்பது நாள் ஓட்டுறவர். நான் முந்நூற்று இருபத்தஞ்சு நாள் ஓட்டுறவ. கேம்ப் ரோடு வரைக்கும் எத்தனை ஸ்பீடு பிரேக்கர்னு உங்களுக்குத் தெரியுமா? எண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். எண்ணியும் சொன்னேன். போதாததற்கு எங்கள் தெருவில் ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, வீடெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டது. பார்க்கிங்கிலிருந்து வெளியே வர வேண்டுமானால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். மழைக்காலத்தில் சேலையூர்ப் பக்கம் முழங்கால் தண்ணீர். இதில் வண்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு இவர் பிளேன் ஏறிப் போய்விடுவாராம்.

ஒரு வாரம் பேச்சே இல்லை. அவர் கூப்பிட்டால் மகளிடம் போனைக் கொடுத்துவிடுவேன். மனசு கேட்குமா? பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்துவிட்டு உட்கார்ந்து, கார்ப் பைத்தியங்கள் எழுதுவதையெல்லாம் நெட்டில் தேடித் தேடிப் படித்தேன். அதில் நானே கண்டுபிடித்ததுதான் ஸ்லீவ்.

அது ஒரு அலுமினியக் குழாய், வெளிப்பக்கம் முழுக்கத் திருகாணிக்கு இருப்பதுபோல மரை வெட்டியிருக்கும். வண்டியில் இருக்கிற ஷாக் அப்சார்பர் மேலேயே அதைச் சட்டை மாதிரி மாட்டிவிடலாம். அதன்மேல் ஒரு வளையம், வளையத்தின் மேல் ஸ்பிரிங். வளையத்தைக் கீழே திருகினால் வண்டி இறங்கும், மேலே திருகினால் ஏறும். அவர் இருக்கும்போது இறக்கிக்கொள்ளலாம், போகும்போது ஏற்றிவிட்டுப் போகலாம். எவ்வளவு நியாயமான தீர்ப்பு! எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை. "ஸ்பிரிங்னா அந்த வண்டிக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது. ஓட்ட மெத்துன்னு இருக்கும். ஸ்லீவ் தூக்கித் தூக்கிப் போடும். ஷாக் சீக்கிரம் போயிடும். மரைக்குள்ள மண்ணு ஏறும். ஒவ்வொரு தடவை ஏத்தி இறக்கினாலும் வீல் அலைன்மென்ட் பாக்கணும்" என்று அடுக்கினார். அத்தனையும் உண்மை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் நான் பிடித்த பிடியில் நின்றேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"சரி. இப்போதைக்கு ஸ்லீவ். நான் ஒரேயடியா ஊருக்கு வந்ததுக்கு அப்புறம் ஸ்பிரிங் போட்டுக்கலாம். ஓகேவா?"

"எப்ப வருவீங்க ஒரேயடியா?"

"மூணு வருஷம். இந்தக் கான்ட்ராக்ட் முடிஞ்சதும்."

நான் ஜெயித்த சந்தோஷத்தில் அந்த மூன்று வருடத்தைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அந்த டிசம்பரில் செம்பாக்கம் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்து ஸ்லீவை மாட்டினோம். ஸ்லீவோடு வேறு ஸ்பிரிங்கும் வந்ததால், பழைய ஸ்பிரிங் நான்கும் சாக்கில் கட்டிப் பரணுக்குப் போயின. மெக்கானிக் பழைய உயரத்திலேயே வைத்துக் கொடுத்தார், இவருக்குத் திருப்தி இல்லை. வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் ஜாக்கியைப் போட்டு, பாயை விரித்து, கொக்கி மாதிரி வளைந்த ஒரு ஸ்பானரோடு சக்கரத்துக்குள் தலையை விட்டார். நான் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வேலை எண்ணுவது. வளையம் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு மில்லிமீட்டர் இறங்கும். பதினெட்டுச் சுற்று என்றால் முப்பத்தாறு மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. நான்கு சக்கரத்துக்கு எழுபத்திரண்டு சுற்று. "ஒண்ணு… ரெண்டு… மூணு…" என்று வகுப்பில் எண்ணுவதுபோல நான் உரக்க எண்ணுவேன். அவர் முனகிக்கொண்டே திருகுவார்.

எழுபத்திரண்டும் முடிந்து ஜாக்கியை எடுத்ததும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. இவர் எழுந்து, கையைத் துடைக்காமலேயே மட்கார்டுக்குக் கீழே விரலை விட்டார். இரண்டு விரல். அப்படியே என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சிரித்த சிரிப்புக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருகிற அன்றைக்கு அவர் வந்த மாதிரியே இருக்காது. அரபுநாட்டு சோப்பு வாசனையோடு, கண் சொருகி, எதைக் கேட்டாலும் "ம்" என்று ஒரு விருந்தாளி உட்கார்ந்திருப்பார். மறுநாள் பாயை விரித்து வண்டியை இறக்கிய பிறகுதான் என் வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்தார் என்று எனக்குத் தோன்றும். உடம்பில் கிரீஸ் வாசம் ஏறியிருக்கும். "காபி போடேன்" என்று அதிகாரமாகக் கேட்பார். அந்த அதிகாரத்துக்காக முந்நூற்று இருபத்தைந்து நாள் காத்திருந்தேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்? "காபிப்பொடி டப்பா எங்க இருக்குன்னு மறந்துபோச்சா?" என்று எரிந்து விழுவேன். போட்டும் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் மூவரும் அப்படியே வண்டியில் கிளம்பிவிடுவோம். மேடவாக்கம் தாண்டி, பெரும்பாக்கம் வழியாக, அடுக்கி வைத்த அந்த உயரமான குடியிருப்புகளைக் கடந்து, சோழிங்கநல்லூர் வரைக்கும். ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் இடுப்பில் குத்தும். ஸ்லீவ் அப்படித்தான். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அவர் வண்டியைச் சாய்த்து, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றுவார். பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்துத் தீர்ப்பான். நான் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வருவேன். அதெல்லாம் சும்மா. உள்ளுக்குள் எனக்கு அந்த ரோடு முடியக்கூடாது என்று இருக்கும். இன்றைக்கும் பெரும்பாக்கம் வழியாகப் பஸ்ஸில் போனால்கூட, அந்த ஸ்பீடு பிரேக்கர்களில் என் உடம்பு தானாக இடது பக்கம் சாயும்.

ஜனவரி கடைசியில், பிளேனுக்கு முந்தின நாள், மறுபடி பாய், ஜாக்கி, கொக்கி ஸ்பானர். இப்போது மேலே திருக வேண்டும். எழுபத்திரண்டு சுற்று. அவர் எனக்காகத்தான் அதைச் செய்தார். மழையில் மாட்டிக்கொள்ளாமல், அடி உரசாமல் நான் ஓட்ட வேண்டும் என்றுதான். அது எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஒவ்வொரு எண்ணும் என் வாயிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. என் புருஷன் ஊருக்குப் போவதை நானே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வண்டி மறுபடி ஒட்டகமாக நிற்கும். அந்த நிமிஷமே வீடு காலியாகிவிடும். மறுநாள் காலைதான் பிளேன் என்றாலும் எனக்கு அவர் அப்போதே போய்விட்டார்.

முதல் வருடம் அலைன்மென்ட் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டார். முன் டயர் இரண்டும் உள்பக்கமாக மொட்டையாகித் தேய்ந்துபோயின. போனில் சொன்னபோது, "ஸ்பிரிங்கா இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல, நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அதற்கும் சண்டை போட்டேன். போனை வைத்த பிறகு நினைத்துப் பார்த்தேன். ஸ்லீவைக் கண்டுபிடித்தது யார்? நான். வந்தால் இறக்கு, போனால் ஏற்று என்று அவர் போவதற்குத் தோதாக ஒரு சாமானைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்தது யார்? நானேதான். அந்த முட்டாள்தனத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஜனவரியில் ஒரு காரியம் செய்தேன். ஏற்றும் நாளன்று, முன்பக்கம் இடது சக்கரத்தில் எண்ணும்போது, "பதினொண்ணு" சொல்லிவிட்டு உடனே "பதினாலு" என்றேன். இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு சுற்றுக் குறைவாகவே அந்தச் சக்கரம் நின்றுவிட்டது. நான்கு மில்லிமீட்டர். யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அந்த மூலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அவர் முழுசாகப் போகவில்லை என்று ஒரு அல்ப சந்தோஷம். அதுதான் கடைசி வருடம் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். வருகிற டிசம்பரில் அவர் ஒரேயடியாக வந்துவிடுவார், மறுநாளே ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்று மகளிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் கூப்பிட்டார். முதலில் மகளுடைய புத்தகத்தைப் பற்றி விசாரித்தார். அப்புறம் வெயிலைப் பற்றி. சுற்றி வளைத்துவிட்டு, "கான்ட்ராக்ட் இன்னும் ரெண்டு வருஷம் நீட்டியிருக்காங்கம்மா" என்றார். புது சைட்டாம். இந்த டிசம்பரில் லீவும் கிடையாதாம்.

"அவங்க நீட்டினாங்களா, நீங்க நீட்டச் சொன்னீங்களா?"

 

"பாப்பா காலேஜ் வருதுல்ல" என்றார் மெதுவாக. "ரெண்டே வருஷம். அப்புறம் கண்டிப்பா ஸ்பிரிங்."

நான் திட்டவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்குத் திட்ட வரவில்லை. குக்கர் விசில் வருகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் செம்பாக்கம் மெக்கானிக்கிடம் போனேன். ஸ்லீவைக் கழற்றிவிட்டு லோயரிங் ஸ்பிரிங் போட வேண்டும் என்றேன். அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இன்னா மேடம், மழை சீசன் வந்துகினு இருக்குது. இப்பப் போயி எறக்கிறேன்றீங்க. சார் வந்துட்டாரா?"

"இல்ல."

"அப்ப கம்பெனி ஸ்பிரிங்கே மாட்டிக்கோங்க. பரண்ல கீதுன்னு சொன்னீங்களே. மெத்துன்னு போலாம், பேஜாரே இல்ல. லோயரிங் போட்டா அப்பால ஏத்த முடியாது மேடம், அப்டியேதான்."

"தெரியும்ணா. அதான் வேணும்."

"சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கினு…"

"வண்டி என் பேர்ல இருக்கு அண்ணா."

ஸ்பிரிங்கை வரவழைக்க ஒரு வாரம் ஆனது. அடுத்த சனிக்கிழமை நான் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கழற்றும்போது அவர் தலையை நீட்டி, "இந்த சைடு ரெண்டு சுத்து கம்மியா வெச்சுக்கீறாங்க மேடம், எவன் பண்ண வேலை?" என்று கேட்டார். யாரோ என்றேன். சேறு அப்பிய நான்கு ஸ்லீவையும் பேப்பரில் சுற்றி நீட்டினார். "நீங்களே வெச்சுக்கோங்கண்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், கோபம்தான், வேறென்ன. ஒரேயடியாக வருவேன், வந்து ஸ்பிரிங் போடுவேன் என்று அவர் சொன்ன வார்த்தையில் பாதியாவது நடக்கட்டும் என்றுதான் போட்டேன். வருவது என் கையில் இல்லை. ஸ்பிரிங் என் கையில் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஓட்ட அருமையாக இருந்தது. செம்பாக்கத்திலிருந்து வீடு வரைக்கும் மெத்தென்று வந்தது. அவர் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பார்க்கிங் சரிவில் மட்டும் அடி உரசி, அக்கம்பக்கமெல்லாம் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டபோது, நானே கீழே போய் வீடியோவில் சக்கரத்தைக் காட்டினேன். விரலையும் வைத்துக் காட்டினேன். இரண்டு விரல்.

"ஸ்பிரிங்கா?" என்றார்.

"ஸ்பிரிங்தான்."

"இனிமே தூக்க முடியாதேம்மா."

"முடியாது."

"மழைக்கு என்ன பண்ணுவ?"

"அதை நீங்க இங்க வந்து பாருங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னார். வண்டியையா சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அப்போது போன் என் முகத்துக்கு நேரே திரும்பியிருந்தது. "வெக்கிறேன்" என்று நானே துண்டித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தெருமுனையில் வண்டி போட்டிருக்கிற இஸ்திரிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பல வருடமாக எங்கள் வீட்டுத் துணி அவரிடம்தான். ஜன்னலை இறக்கினேன். முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"இன்னா மேடம், சார் வந்துகிறாரு, ஒரு வார்த்தை சொல்லவேயில்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருண்ணா சொன்னது?"

"யாரு சொல்லணும்? அதான் வண்டி எறங்கி கீதே! வண்டி எறங்கினா சார் வந்துட்டாரு, ஏறினா போய்ட்டாரு. வாட்ச்மேன், தண்ணி கேன் போடுறவரு, அல்லாருக்கும் தெரியுமே. ஒரேயடியா வந்துட்டாரா, இல்ல லீவா?"

மூன்று வருடமாக நானும் அவரும் பார்க்கிங்கில் உட்கார்ந்து ஏற்றி இறக்கியதைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இல்லண்ணா, வரல என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இஸ்திரிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரேயடியா வந்துட்டார்ணா" என்றேன்.

"சூப்பர் மேடம்! நல்லா இருங்க. சார் சட்டையெல்லாம் எடுத்தாங்க, காத்தால ரெடியா வெச்சிர்றேன்."

வண்டியை உள்ளே விட்டேன். சரிவில் அடி உரசியது. மாடிக்குப் போய், மகள் டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, பீரோவைத் திறந்தேன். போன ஜனவரியில் அவர் விட்டுவிட்டுப் போன சட்டைகள், அதே இஸ்திரிக்காரர் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தன. அதில் நான்கை எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கி, பையில் போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.